மூணா அடுக்கச் சொன்னது யாரு?

அவள் பெயரை நான் எழுதப் போவதில்லை. மறந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். என் பிள்ளைகளின் பிறந்த நட்சத்திரம் மறந்தாலும் அந்தப் பெயர் எனக்கு மறக்காது. ஆனால் அவள் சொன்ன கதையில் அவள் பெயரே கிடையாது. சொல்வது தன் கதை, அதையும் பாட்டாகத்தான் சொல்வாள், ஆனால் ‘நான்’ என்று ஓரிடத்திலும் வராது. ‘அவ’ என்றுதான் வரும். அவ வந்தா, அவ ஏறுனா, அவ சண்டை போட்டா. ஏன்க்கா பேரே வைக்கல என்று ஒரு தடவை கேட்டேன். “பேரு வச்சா அந்த ஒருத்தி கதையாப் போயிரும்ட்டி. பேரில்லன்னா நாளைக்கு ஏறுதவளுக்கும் ஆவும்லா” என்றாள். எனவே நானும் அக்கா என்றே எழுதுகிறேன்.

அப்போது நான் தண்டலத்திலிருந்து வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டி ஒரகடம் போகிற சாலையில் கார் சீட் செய்கிற கம்பெனி. இரண்டாயிரத்துக்கு அப்புறம் மூன்று நான்கு வருஷம் இருக்கும். கம்பெனி பஸ் எங்கள் ஊரில்தான் கிளம்பும் என்பதால் ஜன்னலோரம் எனக்குப் பட்டா போட்டுக் கொடுத்த மாதிரி. ஐந்தேகாலுக்கு ஏறிக் கண்ணை மூடினால் ஸ்ரீபெரும்புதூர் வரை நிம்மதியான தூக்கம். அங்கே தெற்கத்திப் பெண்கள் ஏறுவார்கள். மாடியில் இரண்டே அறை வாடகைக்கு எடுத்துக்கொண்டு பத்துப் பேர் தங்கியிருந்தார்கள். அந்தக் கும்பலில் புதிதாக ஒருத்தி ஒருநாள் ஏறினாள். குட்டை, கறுப்பு, எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னிய சடை. நேராக என்னிடம் வந்து, “ஏட்டி, கால எடு” என்றாள்.

எனக்குத் தூக்கமெல்லாம் பறந்துவிட்டது.

“இன்னாது, டீயா? யாரப் பாத்து டீ போட்டுப் பேசற நீ?”

“எங்க ஊருல பாசத்துக்குச் சொல்லுதது.”

“உங்கூர்ல சொல்லிக்கோ. இது எங்கூரு.”

“சரி, ஊரு ஒனக்குள்ளது. சீட்டு கம்பெனிக்காரனுக்குள்ளதுதான? தள்ளி உக்காரு” என்று இடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். டிபன் பாக்ஸிலிருந்து கருவாட்டு வாசம் வேறு. அன்றைக்கு அவளை நான் சபித்த சாபமெல்லாம் பலித்திருந்தால் அவள் ஒரு வாரம்கூட வேலை பார்த்திருக்க மாட்டாள்.

மூன்றாம் நாளே தொடங்கிவிட்டாள். டிபன் பாக்ஸை மடியில் கவிழ்த்து வைத்து, ஸ்பூனால் தட்டி, ஒரு வரி பாடி நிறுத்தினாள். தெற்கத்திப் பெண்கள் எல்லோரும் சேர்ந்து “ஆமா” என்றார்கள். அவர்கள் ஊர்க் கோயில் கொடைத் திருவிழாவில் வில்லுப்பாட்டு உண்டாம். ஒருவர் கதை பாடுவார், பக்கத்தில் இருப்பவர்கள் வரிக்கு வரி ஆமா போடுவார்கள். ஆமா போட ஆளில்லாவிட்டால் பாட்டு நகராது.

ஒருத்தி ஒருத்தி இருந்தாளாம் — ஆமா
ஊரு விட்டு வந்தாளாம் — ஆமா
மூணு பஸ்ஸு மாறுனாளாம் — ஆமா
முழிச்சுக்கிட்டு நின்னாளாம் — ஆமா
எடம் கேட்டா ஒருத்திகிட்ட — ஆமா
எங்கூருன்னு மொறைச்சாளாம் — ஆமா!

பஸ்ஸே என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தது. டிரைவர்கூடக் கண்ணாடியில் பார்த்துச் சிரித்தார். மானம் போயிற்று என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். ஆனால் சும்மா சொல்லக்கூடாது, பாட்டு நன்றாகத்தான் இருந்தது. ஒரு மாதம் கழிந்து பார்த்தால், அந்தப் பஸ்ஸில் மற்றவர்களைவிடப் பலமாக ஆமா போட்டுக்கொண்டிருந்தவள் நான்தான்.

நாங்கள் எல்லோரும் டிரெய்னி. சீட்டுக்கு உறை மாட்டுவது, கிளிப் அடிப்பது, நாள் முழுக்க நின்றே செய்கிற லைன் வேலை. ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுவதெல்லாம் ஆண்கள் சமாசாரம். முன்னால் இரண்டு இரும்பு முள் நீட்டிக்கொண்டிருக்குமே, பாரத்தைக் குத்தித் தூக்கிக்கொண்டு போகிற வண்டி, அதுதான். வாலாஜாபாத் பக்கத்திலிருந்து வந்த கான்ட்ராக்ட் ஆள் ஒருவர் ஓட்டுவார். மத்தியானம் நாங்களெல்லாம் கேன்டீனில் சாம்பாரில் காய் தேடிக்கொண்டிருக்கும்போது, அக்கா அவசரமாகத் தின்றுவிட்டு, கவிழ்த்துப் போட்ட பெட்டி ஒன்றின் மேல் உட்கார்ந்து அந்த வண்டியையே பார்த்துக்கொண்டிருப்பாள். வாய் முணுமுணுத்தபடி இருக்கும். முதலில் எங்களுக்கெல்லாம் வேறு சந்தேகம். அந்த ஆளுக்கு ஐம்பது வயது என்பதால் சந்தேகத்தைக் கைவிட்டோம். அவள் முணுமுணுத்ததும் பாட்டுதான்.

முள்ளு ரெண்டும் முழுசா விடு
முழங்காலுக்குக் கீழ பிடி
மூலை வந்தா ஹாரன் அடி
பாரம் கண்ண மறைச்சா பிள்ளே
பின்பக்கமாத் திரும்பி ஓட்டு

எந்த வேலையையும் அவள் இப்படித்தான் படித்தாள். மூன்று மாதம் பெட்டி மேலேயே உட்கார்ந்து அந்த வண்டியை மனசுக்குள் ஓட்டிவிட்டாள். ஒருநாள் அந்த ஆள் பேத்திக்குக் காதுகுத்து என்று லீவு போட்டார். மாற்று ஆள் வரவில்லை. சீட்டுக்கான இரும்பு பிரேமெல்லாம் வெளியே கூண்டுகளில் கிடக்கிறது, உள்ளே லைன் நின்றுவிட்டது, சூப்பர்வைசர் போனில் கத்திக்கொண்டிருக்கிறார். வண்டி உறுமுகிற சத்தம் கேட்டுத் திரும்பினோம். வண்டி மேல் அக்கா. கால் எட்டாமல் முதுகுக்குப் பின்னால் சாக்கு ஒன்றை மடித்துச் சொருகியிருக்கிறாள். “முள்ளு ரெண்டும் முழுசா விடு” என்று வாய்விட்டுப் பாடிக்கொண்டே கூண்டைத் தூக்கிக்கொண்டு வருகிறாள்! சூப்பர்வைசர், “ஏய், யாருமா அது, எறங்குமா” என்று பின்னாலேயே ஓடுகிறார். அவள் மூலையில் ஹாரன் அடித்தாள், அவர் ஒதுங்கி வழிவிட்டார். ஆறு கூண்டு வந்து சேர்ந்தது. லைன் ஓடத் தொடங்கியது.

விஷயம் ஜி.எம். வரை போயிற்று. அவர் பரீட்சை வைக்கச் சொன்னார். அக்கா தேறினாள். அந்தச் சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிய முதல் பெண் அவள்தான் என்று எங்களுக்குள் பேசிக்கொண்டோம். உண்மையோ என்னவோ, எங்கள் கம்பெனியில் முதல் பெண் அவள்தான். கம்பெனிப் பத்திரிகையில் வண்டியோடு நிற்கிற மாதிரி போட்டோ வந்தது. கீழே, பெண்களுக்கு வாய்ப்பளித்து வழிகாட்டும் நிறுவனம் என்று நாலு வரி. எனக்கெல்லாம் பெருமை தாங்கவில்லை. அக்கா அதைப் படித்துவிட்டுக் கொதித்தாள்.

“வாய்ப்பு குடுத்தாவளாம்! எப்பட்டி குடுத்தாவ? நீ பாத்தியா?”

“வுடுக்கா. போட்டோ நல்லாத்தான கீது.”

“போட்டோவ வுடு. நம்ம கதைய அவன் எழுதுதான் பாரு, அதாம் எனக்கு ஆவல.”

அன்று சாயங்காலமே பாட்டில் நாலு வரி கூடிவிட்டது.

குடுத்தாவன்னு எழுதியிருக்கான் — ஆமா
குடுக்க அவன் எங்க வந்தான்? — ஆமா
சாவி வண்டியில தொங்குச்சு — ஆமா
ஏறி அவதான் திருக்குனா — ஆமா!

இதுதான் அவள் குணம். அவளைப் பற்றி யார் என்ன சொன்னாலும் பொறுத்துக்கொள்வாள், தப்பாகச் சொன்னால் மட்டும் பொறுக்க மாட்டாள். தனக்குச் சாதகமான பொய்யைக்கூட விடமாட்டாள். முதல் நாள் வண்டி ஓட்டிய கதையை நாங்கள் கேட்கும்போதெல்லாம், கை வெடவெடவென்று நடுங்கியது, அடிவயிறு கலங்கியது, பாத்ரூமுக்கு ஓட வேண்டும்போல் இருந்தது என்று எல்லாவற்றையும் பாடுவாள். ஒரு தடவை நான், “அத்த இன்னாத்துக்குக்கா பாடற? கெத்தா பாடினு வரும்போது காத்து எறங்கிப்போது” என்றேன்.

“அத வுட்டா அடுத்தவ ஏறவே மாட்டாட்டி. தனக்கு மட்டுந்தான் நடுங்குதுன்னு நெனச்சுக்கிட்டு எறங்கிப் போயிருவா.”

எனக்கு அன்றைக்கு அது சரியாக விளங்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளுடைய பெரியப்பா மகன் ஊரிலிருந்து வந்தான். நானும் அன்றைக்கு அவர்கள் அறைக்குப் போயிருந்தேன். வந்தவன் உட்காரக்கூட இல்லை. “ஆம்பளையளுக்கு நடுவுல வண்டி ஓட்டுதியாமே? ஊருல என்ன பேசுதாவன்னு தெரியுமா ஒனக்கு?” என்றான். அக்கா அரிசி களைந்துகொண்டிருந்தாள். கையைத் துடைத்துக்கொண்டு வந்து எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். “என்னண்ணே பேசுதாவ? ஒண்ணுவிடாமச் சொல்லு. பாட்டுல அந்த எடம் காலியாக் கெடக்கு, சேத்துக்கிடுதேன்” என்றாள். அவன் சாப்பிட்டுவிட்டு மூன்று மணி பஸ்ஸுக்குப் போய்விட்டான். அவன் வந்ததும் சாப்பிட்டுப் போனதும் அடுத்த நாள் காலை பஸ்ஸில் பாட்டாக வந்தது. சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது.

சிரித்தது போதும். அந்தக் கூண்டு விழுந்த கதைக்கு வருகிறேன். அதில் நான் நடந்துகொண்ட விதம் எனக்கே பிடிக்காது, ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

பிரேம் வருகிற இரும்புக் கூண்டுகளை இரண்டுக்கு மேல் அடுக்கக்கூடாது. சுவரில் சிவப்பு எழுத்தில் எழுதியே இருக்கும். இரண்டு இரண்டாக அடுக்கினால் இடம் போதாது, மீதியைப் பின்பக்க ஷெட்டுக்குக் கொண்டுபோக வேண்டும், நேரமாகும். அன்றைக்குச் சரக்கு லாரி வாசலில் நின்று ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. சூப்பர்வைசர் வேர்த்து விறுவிறுத்து வந்தார். லைனில் கடைசி ஆள் நான். அவர்கள் இருவரும் எனக்கு நாலடி தூரத்தில்தான் நின்றார்கள்.

“மூணா போடுமா. லாரிக்காரன் நின்னுகினு கீறான்.”

“ரெண்டுதான சார் கணக்கு? நிக்காது சார்.”

“நான் சொல்றேன்ல? எதுனா ஆச்சுன்னா நான் பாத்துக்கறேன். போடு.”

போட்டாள். மூன்றாவது கூண்டு நின்றது மாதிரி நின்று, அவள் வண்டியைப் பின்னுக்கு எடுத்ததும் சாய்ந்தது. கீழே நின்ற லோடுமேன் ஒருவர் தாவி விலகினார். ஒரு ஜாண் தள்ளி விழுந்தது. யாருக்கும் அடியில்லை, பிரேமெல்லாம் கோணிக்கொண்டது. பார்த்துக்கொள்வதாகச் சொன்ன சூப்பர்வைசர் அடுத்த நிமிஷமே, “பொம்பள கைல வண்டியக் குடுத்தா இப்டித்தான்” என்று கத்தினார். நான் கேட்டுக்கொண்டுதான் நின்றேன்.

வண்டியை அன்றே பிடுங்கி, அக்காவை மறுபடி லைனில் நிறுத்தினார்கள். ஆனால் கம்பெனிக்கு ஒரு சிக்கல். போட்டோ போட்டுப் பெருமை பேசியாயிற்று. இப்போது நாமாக இறக்கினோம் என்றால் நன்றாக இருக்காது. அதனால் ஒரு கடிதத்தை அவர்களே டைப் அடித்தார்கள். என் கவனக் குறைவால் விபத்து நடந்தது, பெண்ணாகிய எனக்கு இந்த வேலை ஒத்துவரவில்லை, என்னை லைனுக்கே மாற்றித் தரும்படி கேட்டுக்கொள்கிறேன் என்று. கையெழுத்து மட்டும் அவள் போட வேண்டும். ஆயுதபூஜை லீவு முடிவதற்குள் போடாவிட்டால் வேலையே இல்லை.

கடிதத்தை நீட்டியவர் பெர்சனல் ஆபீசர். நாகர்கோவில்காரர், கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். “போட்டுரு மக்ளே. வேலையாவது நிக்கும்லா” என்று கெஞ்சாத குறையாகச் சொன்னார்.

“வேல நிக்கும் சார். அந்தக் காயிதமும் நிக்கும்லா? நாளைக்கி எவளாவது வண்டியில ஏறணும்னு வந்து நின்னா, இந்தா பாரு, ஒருத்தி ஏறி முடியாதுன்னு எழுதிக் குடுத்துட்டுப் போயிருக்கான்னு அதத்தான எடுத்துக் காட்டுவிய?” என்று கேட்டுவிட்டு வந்துவிட்டாள்.

விசாரணை என்று என்னையும் கூப்பிட்டார்கள். கடைசி ஆள் நீதானே, என்ன பார்த்தாய் என்றார்கள். எனக்கு இன்னும் மூன்று மாதத்தில் பர்மனென்ட் ஆகவேண்டியது. எங்கள் வீட்டில் முதன்முதலாகக் கம்பெனி வேலைக்கு வந்தவள் நான். சூப்பர்வைசர் எதிரிலேயே கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். “வேலைல இருந்தேன் சார், பாக்கல” என்று சொல்லிவிட்டேன். எவ்வளவு சுலபமாக வந்தது அந்தப் பொய்! வெளியே வந்ததும் கை கழுவ வேண்டும்போல் இருந்தது.

அக்கா என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அடுத்த நாள் காலை பக்கத்தில் வந்து உட்கார்ந்து வழக்கம்போல் டிபன் பாக்ஸைக் கவிழ்த்தாள்.

பக்கத்துல ஒருத்தி நின்னா — ஆமா
பாத்தும் பாக்கலன்னு சொன்னா — ஆமா

மற்றவர்களுக்கு யாரென்று தெரியாது. எல்லோரும் ஆமா போட்டார்கள். நானும் பழக்கத்தில் முதல் ஆமாவைப் போட்டுவிட்டேன், இரண்டாவதை விழுங்கிக்கொண்டேன். கோபமான கோபம் வந்தது எனக்கு. இறங்கும்போது கையைப் பிடித்து நிறுத்தினேன். “உன் பாட்டுல என்ன இன்னாத்துக்கு இழுக்கற? பர்மனென்ட் ஆகப்போற நேரத்துல உனக்கோசரம் நான் நடுத்தெருவுல நிக்கணுமா?”

“நீ நிக்கணும்னு நான் எங்கட்டி சொன்னேன்? நடந்தத நடந்த மாதிரி பாடுனேன். அவ்வளவுதான்” என்றாள். குரலில் கோபமே இல்லை. அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது. பத்து நாள் அவளோடு பேசவில்லை. பஸ்ஸில் பின்சீட்டுக்குப் போய்விட்டேன். அங்கேயும் பாட்டு கேட்டது, என்ன செய்ய?

ஆயுதபூஜை வந்தது. கம்பெனியில் அன்றைக்கு லைன் ஓடாது. மிஷினையெல்லாம் கழுவிச் சந்தனம் குங்குமம் வைத்து, வாசலில் வாழை கட்டி, பூசணிக்காய் உடைத்து, பொரி கடலை கொடுப்பார்கள். அவரவர் வேலை செய்கிற மிஷினுக்கு அவரவரே பொட்டு வைப்பது வழக்கம். அக்கா லைனை விட்டுவிட்டு நேராக ஃபோர்க்லிஃப்டிடம் போனாள். மாலை போட்டு, டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நிறுத்தியிருந்தார்கள். காதுகுத்துக்கு லீவு போட்ட அந்த ஆள் குங்குமக் கிண்ணத்தோடு நின்றிருந்தார். அவளைப் பார்த்ததும் கிண்ணத்தை நீட்டிவிட்டு ஒதுங்கிக்கொண்டார். முள் இரண்டுக்கும் நிதானமாகப் பொட்டு வைத்தாள்.

பூஜை முடிந்தால் கலைநிகழ்ச்சி. சினிமாப் பாட்டுக்கு ஆடுவது, மிமிக்ரி என்று ஓடும். அந்த வருஷம் பெர்சனல் ஆபீசருக்கு வில்லுப்பாட்டு ஆசை வந்துவிட்டது. பஸ்ஸில் ஒரு பெண் வில்லு பாடுகிறாள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். கடித விவகாரத்தில் அவளிடம் கொஞ்சம் இணக்கமாகப் போகலாம் என்றும் நினைத்திருப்பார். “என்ன கதை மக்ளே பாடப்போற?” என்று கேட்டாராம். “வண்டி ஓட்டுன ஒரு பொண்ணு கதை சார்” என்றாளாம். போட்டோ போட்ட கதைதான் என்று அவர் குளிர்ந்துபோனார். கழித்துப்போட்ட சீட் குழாயை வளைத்து வில், வாஷர்களைக் கோத்து மணி, கேன்டீன் பானைதான் குடம். ஆமா போட யார் என்று கேட்டபோது, “நான் இருக்கேம்லா! எங்க ஊரு கொடையில சின்ன வயசுலேருந்து ஆமா போட்டவனாக்கும்” என்று வேட்டியை மடித்துக்கொண்டு அவரே மேடையில் ஏறி உட்கார்ந்துவிட்டார். கைதட்டல் அள்ளிக்கொண்டு போயிற்று. முன்வரிசையில் ஜி.எம்., பக்கத்தில் சூப்பர்வைசர்கள் எல்லோரும்.

பாட்டு கிளம்பியது. ஊர் விட்டு வந்தது, பெட்டி மேல் உட்கார்ந்து படித்தது, கை நடுங்கியது. ஆபீசர் தலையை ஆட்டி, தொடையைத் தட்டி, அப்படி ஒரு ஆமா போட்டார். அக்கா மெல்ல மெல்ல வேகத்தைக் கூட்டினாள். அவருக்கு உற்சாகம் தலைக்கேறிவிட்டது, கண்ணை மூடிக்கொண்டு ஆமா போடுகிறார்.

லாரி ஒண்ணு நின்னுதாம் — ஆமா
லேட்டு லேட்டுன்னு கத்துச்சாம் — ஆமா
ரெண்டுக்கு மேல வைக்காதேன்னு — ஆமா
செவத்துல எழுதி இருந்துதாம் — ஆமா
மூணா அடுக்கச் சொன்னது யாரு? — யாரு?
சூப்பர்வைசர் தானய்யா? — ஆமா!
விழுந்த பெறவு பழியத் தூக்கி — ஆமா
பொம்பள தலையில போட்டது யாரு? — யாரு?
ஆபீசருமாரு தானய்யா? — ஆமா!

கடைசி ஆமா மைக்கில் கணீரென்று விழுந்தது. சொன்ன பிறகுதான் அவர் கண்ணைத் திறந்தார்.  பிறகு எழுந்தது பாருங்கள் ஒரு சிரிப்பு! விசில், கைதட்டல், தகரக் கூரை பிய்ந்துவிடும்போல் இருந்தது. சூப்பர்வைசர் முகம் செத்துப்போயிற்று. ஆபீசர் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஜி.எம். எழுந்தார். சிரிப்பு அப்படியே அடங்கியது. “இது பாட்டாம்மா, புகாரா?” என்றார்.

“ரெண்டுந்தான் சார்.”

“நடந்ததைப் பார்த்த ஆள் இருக்காங்களா?”

அக்கா கூட்டத்தைப் பார்க்கவில்லை. என்னைத் தேடவில்லை. வில்லைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அவள் ஒரு பார்வை பார்த்திருந்தால்கூட நான் ரோஷத்தில் உட்கார்ந்தே இருந்திருப்பேன். அவள் பார்க்காததுதான் என்னைப் பிடித்துத் தூக்கியது. எழுந்து நின்றேன். கால் நடுங்கியது. அடிவயிறு கலங்கியது. அட, இதைத்தானே அவள் விடாமல் பாடிக்கொண்டிருந்தாள் என்று தோன்றியதும் குரல் வந்துவிட்டது.

“நான் பாத்தேன் சார். மூணா போடச் சொன்னது அவருதான். நிக்காதுன்னு அக்கா சொல்லிச்சு. அன்னிக்கி உள்ள கேக்கும்போது பாக்கலன்னு சொல்லிட்டேன். பொய் சார் அது.”

ஜி.எம். ஆபீசரிடம் திரும்பி, “லீவு முடிஞ்சதும் அந்தப் பொண்ணு வண்டியை அதுகிட்டயே குடுத்துடுங்க. அந்த லெட்டர் வேண்டாம்” என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டார்.

பொரி வாங்கும் இடத்தில் ஆபீசர் அக்காவைப் பிடித்துக்கொண்டார். “ஏன் மக்ளே, என்னைய இப்பிடி மாட்டி வுட்டுட்டியே?”

“நான் கேக்கத்தான் செஞ்சேன் சார். ஆமான்னது நீங்க.”

“பாட்டு ஓட்டத்துல வாயில வந்துட்டு.”

“வாயில வந்தது பொய்யா சார்?”

அவர் ஒரு பிடி பொரியை அள்ளி வாயில் போட்டுக்கொண்டார். பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

என் கதையையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்த மூன்று மாதம் முடிந்தபோது என் பெயர் பர்மனென்ட் பட்டியலில் இல்லை. பயிற்சிக் காலம் முடிந்தது என்று ஒரு காகிதம் கொடுத்தார்கள். காரணம் யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வருத்தம் இல்லையா என்றால், எப்படி இல்லாமல் இருக்கும்? இரண்டு நாள் சாப்பிடாமல் அழுதேன். ஆனால் அன்றைக்கு ஏன் எழுந்தேன் என்று ஒருநாளும் நினைத்ததில்லை. அடுத்த வருஷமே அங்கே இன்னும் இரண்டு பெண்கள் ஃபோர்க்லிஃப்டில் ஏறினார்கள். ஒருத்தி திண்டுக்கல், ஒருத்தி எங்கள் பக்கத்து ஊர். அக்கா அப்புறம் ஒரகடத்தில் வேறு கம்பெனிக்கு மாறினாள், அதற்கப்புறம் எங்கே போனாள் என்று தெரியவில்லை. தேடாமல் இருந்தது என் சோம்பேறித்தனம்.

அவளை நினைத்தால் எனக்கு மேடை ஞாபகம் வருவதில்லை. லீவு முடிந்து வண்டி அவள் கைக்குத் திரும்பி வந்த அந்த முதல் நாள்தான் வரும். அதே இடம், அதே நாலடி தூரத்தில் நான், வாசலில் ஒரு லாரி. காலையிலிருந்து அவளோடு பேசாமல் இருந்த சூப்பர்வைசர் பத்து மணி வாக்கில் வந்தார்.

“பாட்டு பாடி வண்டிய வாங்கிகின. நல்லாரு. இப்ப லாரி நிக்குது, மூணா போடு.”

அக்கா இரண்டாவது கூண்டை வைத்துவிட்டு வண்டியைப் பின்னுக்கு எடுத்தாள். முள்ளைத் தரையில் இறக்கினாள், பிரேக் போட்டாள், சாவியைத் திருகி அணைத்தாள். மேல்சட்டைப் பையிலிருந்து ஒரு வெள்ளைக் காகிதத்தையும் பேனாவையும் எடுத்து அவரிடம் நீட்டினாள்.

“மூணா போடச் சொன்னேன்னு இதுல எழுதி ஒரு கையெழுத்துப் போடுங்க சார். ஒடனே போட்டுருதேன்.”

“இன்னாமா, நக்கலா?”

“நக்கல் இல்ல சார். பொம்பள கையெழுத்துக்கு ஒரு மாசம் காத்திருந்திய. நான் ஒங்க கையெழுத்துக்கு எம்புட்டு நேரமானாலும் இருக்கேன்.”

அவர் காகிதத்தைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். லைனில் ஒருத்திகூடத் தலையைக் குனியவில்லை. நானும் குனியவில்லை. முனகிக்கொண்டே போய்விட்டார். அக்கா காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வண்டியைக் கிளப்பி, மீதிக் கூண்டுகளை ஒவ்வொன்றாகப் பின்பக்க ஷெட்டுக்குக் கொண்டுபோனாள். மூலைக்கு மூலை ஹாரன் அடித்தாள். அவசரமே படவில்லை.

லாரி முக்கால் மணி நேரம் நின்றது. நிற்கட்டுமே!